கடைசி வரிசையிலிருந்து பவர்பொயின்ட்: ஒரு மதிப்பாய்வு

மைக்ரோசொஃப்ட் பவர்பொயின்டைப் பற்றி எழுதப்படும் மதிப்பாய்வுகளில் பெரும்பாலானவை, ஸ்லைட் செய்கிறவரின் நாற்காலியில் இருந்தபடியே எழுதப்படுகின்றன. எத்தனை வார்ப்புருக்கள் கிடைக்கின்றன, எவ்வளவு விரைவில் வேலை முடிகிறது, புதிய பதிப்பில் என்ன அசைவூட்டம் சேர்ந்திருக்கிறது என்பவையே அவற்றின் அக்கறைகள். இந்த மதிப்பாய்வு மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்து எழுதப்படுகிறது. கொழும்பின் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் நடக்கும் தமிழ்க் கூட்டங்கள், பெற்றோர் சந்திப்புகள், சுகாதாரச் செயலமர்வுகள், ஆய்வரங்குகள் ஆகியவற்றில் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் அமர்ந்து, பேச்சாளரின் ஸ்லைடுகளை நகர்த்திக் கொடுப்பது என் வழக்கமான பணி. “தம்பி, அடுத்ததைப் போடுங்கோ” என்ற குரலுக்குக் கட்டுப்பட்ட அந்த இடத்தில் இருந்து திரையும் தெரிகிறது, அதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் எந்தக் கட்டத்தில் கைப்பேசியை எடுக்கிறார்கள் என்பதும் தெரிகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சபைக்கு உதவக்கூடிய வசதிகள் என்று பார்த்தால் பவர்பொயின்டுக்கு நிகரான மென்பொருள் குறைவு. ஆனால் அந்த வசதிகள் மெனுக்களின் அடியில் கிடக்கின்றன. திறந்தவுடன் முன்னால் வந்து நிற்பவை, ஸ்லைட் செய்கிறவரின் கைக்கு இலகுவாகவும் பார்க்கிறவரின் கண்ணுக்குப் பாரமாகவும் இருப்பவை. வந்தபடியே அதைப் பயன்படுத்துகிறவருக்கு நான் ஐந்துக்கு இரண்டு புள்ளிகள்தான் கொடுப்பேன். ஓர் அரைநாளைச் செலவழித்து அமைப்புகளை மாற்றித் தமக்கென ஒரு வார்ப்புருவைச் செய்து வைத்துக்கொள்கிறவருக்கு அதே மென்பொருள் நான்கு பெறும்.

குறை எங்கே தொடங்குகிறது என்று பார்ப்போம். புதிய ஸ்லைட் ஒன்றைக் கேட்டால் மேலே தலைப்புக்கு ஒரு பெட்டியும், கீழே புள்ளியிட்ட வரிகளுக்கு ஒரு பெரிய பெட்டியும் வருகின்றன. தலைப்பு 44 பொயின்ட் (ஓர் அங்குலத்துக்கு 72 பொயின்ட்). முதல் நிலை வரிகள் 28, உள்தள்ளி எழுதுபவை 24, அதற்கும் கீழே 20, 18 என்று எழுத்தளவு படிப்படியாக இறங்குகிறது. பெட்டி கொள்ளாத அளவுக்கு எழுதத் தொடங்கியவுடன் மென்பொருள் எழுத்தைத் தானாகவே சுருக்கி, எல்லாவற்றையும் உள்ளே அடக்கிவிடுகிறது. எழுதுகிறவர் மேசையில் இரண்டு அடி தூரத்தில் இருப்பதால் அவருக்கு அது உறைப்பதில்லை. இன்னும் இரண்டு வரிகள் சேர்க்கிறார், எழுத்து இன்னும் சுருங்குகிறது. தமிழில் இது ஆங்கிலத்தை விட விரைவாக நடக்கும். உருபுகளையும் ஒட்டுகளையும் சேர்த்துக்கொண்டு நீளும் நம் சொற்களில் ‘மாணவர்களுக்கிடையிலான’ என்ற ஒன்றே அரை வரியைப் பிடித்துவிடும். இந்தத் தானியங்கிச் சுருக்கத்தை நிறுத்த வழியுண்டு. ஒப்ஷன்ஸ் பக்கத்தில் புரூஃபிங், அதற்குள் ஓட்டோகரெக்ட் ஒப்ஷன்ஸ், அதற்குள் தட்டச்சின்போது நடக்கும் தானியங்கி மாற்றங்களின் பட்டியல் என்று உள்ளே போய், உடற்பகுதி எழுத்துக்கான ஓட்டோஃபிட் அடையாளத்தை நீக்க வேண்டும். இவ்வளவு ஆழத்தில் புதைத்து வைக்க வேண்டிய விடயமா இது? நிறுத்திவிட்ட பிறகு, அளவு மீறினால் வரிகள் பெட்டிக்கு வெளியே வழிந்து நிற்கும். அந்த அசிங்கமே எழுதுகிறவருக்குத் தேவையான எச்சரிக்கை.

இந்த மென்பொருள் பிறந்த கதை தெரிந்தால் அதன் சுபாவம் ஓரளவு விளங்கும். ரொபர்ட் காஸ்கின்ஸும் டெனிஸ் ஒஸ்டினும் ஃபோர்தோட் என்ற சிறிய நிறுவனத்தில் உருவாக்கி, 1987 ஏப்ரலில் மக்கின்டொஷ் கணினிக்கு வெளியிட்ட முதல் பதிப்பு, ஓவர்ஹெட் புரொஜெக்டரில் வைக்கும் ஒளிபுகும் தாள்களைக் கறுப்பு வெள்ளையில் அச்சிடுவதற்கானது. அதே ஆண்டில் மைக்ரோசொஃப்ட் அந்த நிறுவனத்தை 14 மில்லியன் டொலருக்கு வாங்கியது; விண்டோஸ் பதிப்பு 1990 இல் வந்தது. தாளாகப் பிறந்ததை நம்மவர்கள் இன்றைக்கும் தாளாகவே நடத்துகிறார்கள்: கூட்டத்தில் காட்டுவதற்கும், பிறகு மின்னஞ்சலில் அனுப்புவதற்கும், வருடாந்த அறிக்கையோடு கோவையில் இடுவதற்கும் ஒரே கோப்பு. மூன்று வேலைக்கும் பொதுவாகச் செய்யப்பட்ட ஸ்லைடில் சபைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். வாசிக்கக் கொடுப்பதை வேர்ட் ஆவணமாகத் தனியே எழுதிக் கையில் கொடுத்துவிட்டால், திரையில் எதை விட்டாலும் குறைந்துபோகாது.

கடைசி வரிசைக்கு எது தெரியும் என்பதை ஊகத்துக்கு விடத் தேவையில்லை. திரையின் உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரம் வரையில் சாதாரண வாசிப்பு வசதியாக இருக்கும் என்பதும், அட்டவணையையோ நுணுக்கமான வரைபடத்தையோ ஆராய்வதற்கு நான்கு மடங்குக்குள் இருக்க வேண்டும் என்பதும், வெறுமனே படம் பார்ப்பதற்கு எட்டு மடங்கு வரை போகலாம் என்பதும் காட்சிக் கருவிகளை அமைப்பவர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் கணக்கு. நம் மண்டபங்களில் சுவரிலோ தாங்கியிலோ விரிக்கப்படும் திரையின் உயரம் ஒன்றரை மீற்றர் என்று வைத்துக்கொண்டால், ஒன்பது மீற்றருக்கு அப்பால் இருப்பவர்கள் வாசிப்புக்கு வெளியே போய்விடுகிறார்கள். பவர்பொயின்டின் வழக்கமான ஸ்லைட் ஏழரை அங்குல உயரம், அதாவது 540 பொயின்ட். ஆகவே 18 பொயின்ட் எழுத்து என்பது உயரத்தில் முப்பதில் ஒரு பங்கு. ஒன்றரை மீற்றர் திரையில் அது ஐந்து சென்ரிமீற்றர். அதற்குள் இகரத்தின் மேல்வளைவும் உகரத்தின் கீழ்ச்சுழியும் அடங்க வேண்டியிருப்பதால், ‘ண’ வுக்கும் ‘ன’ வுக்கும் வேறுபாடு காட்டும் அந்த ஒரு சுழி பன்னிரண்டு மீற்றருக்கு அப்பால் கண்ணுக்கு எட்டுவதில்லை. வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. 14 அங்குல மடிக்கணினித் திரையின் உயரம் ஏறத்தாழ பதினேழரைச் சென்ரிமீற்றர். பன்னிரண்டு மீற்றர் நீளமான மண்டபத்தின் கடைசி வரிசை, ஒன்றரை மீற்றர் திரையில் இருந்து எட்டு மடங்கு தொலைவில் இருக்கிறது; மடிக்கணினிக்கு அதே எட்டு மடங்கு என்பது 1.4 மீற்றர். ஸ்லைடை முழுத்திரையாக்கிவிட்டு எழுந்து அவ்வளவு தூரம் பின்னால் போய் நின்று வாசித்துப் பாருங்கள். வாசிக்க முடியாதது எதுவோ அது மண்டபத்திலும் வாசிக்கப்படப் போவதில்லை. 28 பொயின்டுக்குக் கீழே தமிழ் எழுத்தை வைப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டால், பாதி வேலை முடிந்துவிடும்.

கொழும்பில் இதற்கு மேலே இன்னொரு சுமை இருக்கிறது. அரசியலமைப்பின்படி சிங்களமும் தமிழும் அரச கரும மொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி. ஆகவே பொதுக் கூட்டம் ஒன்றுக்கு வரும் ஸ்லைட் மூன்றையும் சுமந்துகொண்டு வருகிறது. டெங்குத் தடுப்புச் செயலமர்வு ஒன்றில் கண்ட ஸ்லைட் ஒன்று இன்னும் கண்முன் நிற்கிறது. தலைப்பு மூன்று மொழிகளில் ‘டெங்கு ஒழிப்பு’ என்றிருந்தது. அதன் கீழே சிங்களத்தில் ஆறு வரிகள், தமிழில் ஆறு வரிகள், ஆங்கிலத்தில் ஆறு வரிகள். அடியில் இலச்சினைகள் மூன்று. வலது மூலையில் நுளம்பின் படம், தபால் முத்திரை அளவில். தமிழ் வரிகள் நடுவில் அகப்பட்டு மற்ற இரண்டையும் விடச் சிறியனவாகப் போயிருந்தன. பேச்சாளர் தமிழில் நன்றாகவே பேசினார். ஆனால் அவர் மூன்றாவது வரியை விளக்கிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் இருந்த ஆசிரியை ஒருவர் ஆங்கிலப் பகுதியை விரலால் காற்றில் தொட்டுத் தொட்டு வாசித்து முடித்துவிட்டு, குறிப்பேட்டை மூடி வைத்ததைப் பார்த்தேன்.

பேச்சும் திரையும் ஒரே நேரத்தில் சொற்களால் நிறைந்திருக்கும்போது கேட்பவர் இரண்டில் ஒன்றை விட்டுவிடுவார். படமும் பேச்சும் சேர்ந்து கற்பிப்பதை விட, படத்தோடும் பேச்சோடும் அதே பேச்சைத் திரையில் எழுத்தாகவும் காட்டுவது குறைவாகவே கற்பிக்கிறது என்பது கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகளில் இருந்து வந்த, பலரும் ஏற்றுக்கொண்ட முடிவு. நம் ஊரில் திரை ஆங்கிலத்தில், பேச்சு தமிழில் என்றாகும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. கேட்பவர் வாசித்துக்கொண்டும், மொழிபெயர்த்துக்கொண்டும், காதையும் கொடுத்துக்கொண்டும் இருக்க வேண்டும்.

அந்த டெங்கு ஸ்லைடைப் பவர்பொயின்டிலேயே எப்படித் திருத்தலாம் என்று பார்ப்போம். இலைகள் அடைத்துத் தண்ணீர் தேங்கிய கூரைப் பீலி ஒன்றின் புகைப்படத்தை ஸ்லைட் முழுவதும் பரப்ப வேண்டும். பொருளின் பெயரைத் தலைப்பாக வைக்காமல், சொல்லவந்த செய்தியை முழு வாக்கியமாக எழுத வேண்டும்: ‘பீலியில் தேங்கிய தண்ணீரில் பத்து நாளைக்குள் நுளம்பு உருவாகும்.’ தலைப்பில் ஒரு கூற்று, அதன் கீழே அந்தக் கூற்றுக்கு ஆதாரமான ஒரு காட்சி என்ற இந்த முறையைப் பென்சில்வேனிய மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கல் அலி நெடுங்காலமாக வற்புறுத்தி வருகிறார். பொறியியல் மாணவருக்காக அவர் சொன்னது எங்கள் பெற்றோர் கூட்டத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. மற்ற ஐந்து வரிகளும் ஐந்து ஸ்லைடுகளாகட்டும், அல்லது பேச்சாளரின் வாயில் இருந்து வரட்டும். ஸ்லைடின் எண்ணிக்கைக்கு யாரும் வரி அறவிடுவதில்லை.

மொழிப் பிரச்சினைக்குப் பவர்பொயின்டில் ஓர் அருமையான விடை இருக்கிறது, ஆனால் அதைப் பயன்படுத்துகிறவர்களைக் காண்பது அரிது. கஸ்டம் ஸ்லைட் ஷோ என்ற வசதியின் மூலம், ஒரே கோப்புக்குள் தமிழ் ஸ்லைடுகளை ஒரு காட்சியாகவும், சிங்கள ஸ்லைடுகளை இன்னொரு காட்சியாகவும், ஆங்கில ஸ்லைடுகளை வேறொரு காட்சியாகவும் பெயரிட்டு வைத்துக்கொள்ளலாம். பொதுவான படங்களும் வரைபடங்களும் மூன்றிலும் இடம்பெறலாம். மண்டபத்தில் இருப்பவர்கள் யாரென்று பார்த்த பிறகு, எந்தக் காட்சியை ஓட்டுவதென்று தீர்மானிக்கலாம். சபை உண்மையிலேயே கலந்திருந்தால், படத்தைப் பெரிதாக வைத்து, சிங்களத்துக்கு ஒரு வாக்கியம், தமிழுக்கு ஒரு வாக்கியம், இரண்டும் சம அளவில் என்று வைப்பதே போதும். திரையில் இருந்து முதலில் இறங்க வேண்டியது ஆங்கிலம் என்பது என் கருத்து. அது கையில் கொடுக்கும் தாளில் இருக்கட்டும். இதைச் சொல்லும்போது சிலருக்கு முகம் மாறுகிறது. ஆங்கிலம் இல்லாத ஸ்லைட் தரம் குறைந்தது என்ற எண்ணம் கொழும்பில் இன்னும் பலமாகவே இருக்கிறது.

புள்ளியிட்ட வரிகளின் இன்னொரு ஆபத்து, அவை எல்லாவற்றையும் ஒரே கனத்தில் காட்டுவது; அல்லது அதைவிட மோசமாக, முக்கியமானதை அடியில் தள்ளிவிடுவது. 2003 இல் அமெரிக்காவின் கொலம்பியா விண்ணோடம் ஏழு வீரர்களுடன் அழிந்த பிறகு விசாரணைச் சபை வெளியிட்ட அறிக்கை, தொழில்நுட்ப அறிக்கைகளுக்குப் பதிலாக ஸ்லைடுகளைப் பயன்படுத்தும் பழக்கத்தைக் கண்டித்தது. விண்ணோடம் பறந்துகொண்டிருந்தபோது அதிகாரிகளுக்குக் காட்டப்பட்ட ஒரு ஸ்லைடை அதற்கு உதாரணமாக எடுத்துக்காட்டியது. ஏவும்போது எரிபொருள் தாங்கியில் இருந்து பெயர்ந்து இறக்கையில் மோதிய நுரைத்துண்டின் கன அளவு 1,920 கன அங்குலம் என்றும், பரிசோதனைத் தரவுகள் இருந்ததோ 3 கன அங்குலத் துண்டுக்கு மட்டும்தான் என்றும் சொல்லும் வரி, அந்த ஸ்லைடின் அடியில், உள்தள்ளிய சிறிய எழுத்தில் இருந்தது. தலைப்போ நிலைமை பாதுகாப்பானது என்ற எண்ணத்தைத் தருவதாக இருந்தது. பவர்பொயின்ட் விண்ணோடத்தை வீழ்த்தியது என்று சொல்வது மிகை. ஆனால் அந்த வரி தலைப்பாக இருந்திருந்தால் அந்த அறையில் இருந்தவர்கள் வேறு கேள்விகளைக் கேட்டிருப்பார்கள் என்பதை மறுப்பது கடினம்.

அடுத்தது எழுத்துரு. தமிழில் ஸ்லைட் செய்கிறவர்களின் கோபம் பெரும்பாலும் இங்கேதான் வெடிக்கிறது. இலங்கையில் பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பழகியவர்கள் இன்னும் ஏராளம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியல்தான் இருக்கும். பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த பழைய முறை என்பதால், கணினிக்கு அது தமிழென்றே தெரியாது. கூட்டம் தொடங்கக் காற்பங்கு மணித்தியாலம் இருக்கும்போது பென் டிரைவுடன் வந்து சேரும் இந்தக் கோப்புகளைக் கண்டால் எனக்கு அடிவயிறு கலங்கும். இதற்குப் பவர்பொயின்டைக் குறை சொல்ல முடியாது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியீடு தரும் பொது முறையான யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பாமினி விசைப்பலகை அமைப்பிலேயே யூனிகோடில் தட்டச்சு செய்யவும் வழியுண்டு.

பவர்பொயின்டின் பங்கு வேறோர் இடத்தில் இருக்கிறது. நெடுங்காலமாக அதன் இயல்பான வடிவமைப்பு, தமிழுக்கு லதா என்றும் சிங்களத்துக்கு இஸ்கோல பொத்த என்றும் எழுத்துருக்களை உள்ளுக்குள் குறித்து வைத்திருக்கிறது. விண்டோஸ் 10 இல் இருந்து இந்த எழுத்துருக்கள் எல்லாக் கணினியிலும் தாமாக இருப்பதில்லை. அந்தந்த மொழிக்குரிய துணைத் தொகுதியைச் சேர்த்தால்தான் வரும். ஆகவே வீட்டுக் கணினியில் லதாவில் ஒழுங்காக அடங்கியிருந்த வரி, மண்டபத்துக் கணினியில் வேறோர் எழுத்துருவுக்கு மாறி, அகலம் கூடி, கடைசிச் சொல் கீழே விழுந்து, அதற்குக் கீழேயுள்ள படத்தின் மேல் ஏறிக்கொள்கிறது. விண்டோஸ் 8 முதல் எல்லாக் கணினியிலும் இருக்கும் நிர்மலா யுஐ தமிழையும் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் ஒரே எழுத்துருவில் தருவதால், நம் ஊருக்கு அதுவே முதல் தெரிவாக இருக்க வேண்டும். அழகு வேண்டுமென்றால் இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழையும் அதன் சிங்களச் சோடியையும் நிறுவிக்கொள்ளலாம். மெல்லியதில் இருந்து மிகத் தடித்தது வரை பல தடிப்புகள் இருப்பதால், பெரிய எழுத்து வழக்கமே இல்லாத தமிழில் தலைப்பையும் உடலையும் தடிப்பால் வேறுபடுத்த முடிகிறது. சாய்வெழுத்தைத் தமிழுக்குத் தொடவே வேண்டாம். எழுத்துருவில் சாய்ந்த வடிவம் இல்லாதபோது மென்பொருள் எழுத்தைப் பிடித்துச் சரித்துவிடுகிறது. மழையில் நனைந்த சுவரொட்டி போல இருக்கும்.

எந்த எழுத்துருவைத் தெரிவு செய்தாலும், சேமிப்பு அமைப்புகளில் எழுத்துருவைக் கோப்பிலேயே உட்பொதிக்கும் தெரிவை இட்டுவிட வேண்டும். அங்கே இரண்டு வழிகள் இருக்கும்: பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் பொதிப்பது, எல்லா எழுத்துகளையும் பொதிப்பது. கடைசி நேரத்தில் மண்டபத்தில் பெயரொன்றைத் திருத்த வேண்டி வரும் என்பதால் இரண்டாவதே நமக்கு உகந்தது. உரிமக் கட்டுப்பாடு உள்ள சில எழுத்துருக்கள் பொதிபட மறுக்கும். அதனால் பிடிஎஃப் பிரதி ஒன்றையும் கூடவே கொண்டுவருவது நல்லது. அசைவூட்டங்கள் போய்விடும், போனால் போகட்டும்.

இனி, பவர்பொயின்டுக்கு நான் மனமுவந்து புள்ளி கொடுக்கும் பகுதி: ஓட்டும் நேரத்து வசதிகள். பேசிக்கொண்டிருக்கும்போது பி விசையை அழுத்தினால் திரை கறுத்துவிடும். மறுபடி அழுத்தினால் விட்ட இடத்திலேயே திரும்பி வரும். டபிள்யூ விசை வெள்ளையாக்கும். இருபது நிமிடப் பேச்சில் ஓரிடத்திலாவது திரையை அணைத்துவிட்டுச் சபையைப் பார்த்து நேரே பேசுகிற பேச்சாளருக்குக் கிடைக்கும் கவனத்தை எந்த அசைவூட்டமும் வாங்கித் தராது. கேள்வி நேரத்தில் “அந்த ஏழாவது படத்தை இன்னொருக்கால் காட்டுங்கோ” என்று யாராவது கேட்டால், பெரும்பாலானோர் முழுத்திரையில் இருந்து வெளியேறி, கோப்பு முழுவதையும் சபையின் முன் உருட்டி, நடுவில் மேசைத்திரையில் கிடக்கும் குடும்பப் படங்களையும் காட்டிவிட்டுத்தான் ஏழுக்கு வந்து சேர்கிறார்கள். 7 ஐத் தட்டி என்டரை அழுத்தினால் போதும், நேரே அங்கே போய்விடும். எண் நினைவில்லையென்றால் ஜி விசை எல்லா ஸ்லைடுகளையும் சிறுபடங்களாக விரிக்கும். கன்ட்ரோலும் எல்லும் சேர்ந்தால் சுட்டி லேசர் புள்ளியாக மாறும். இவற்றை மென்பொருள் தானாகச் சொல்லித் தருவதில்லை. ஓட்டும்போது எஃப்1 விசையை அழுத்தினால் மட்டும் பட்டியலைக் காட்டுகிறது.

பிரசென்டர் வியூ இவற்றுக்கெல்லாம் தலையாயது. திரையில் ஸ்லைட் மட்டும் தெரிய, பேச்சாளரின் கணினியில் குறிப்புகளும், அடுத்து வரும் ஸ்லைடும், ஓடும் கடிகாரமும் தெரியும். எழுதிய எல்லாவற்றையும் ஸ்லைடில் இருந்து குறிப்புப் பகுதிக்கு நகர்த்திவிட இது வழி செய்கிறது. “மறந்துபோய்விடுமே” என்ற பயத்தினால் ஸ்லைடை நிரப்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. கொழும்பு மண்டபங்களில் இது வேலை செய்யாமல் போவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, கணினி திரையை அப்படியே பிரதி செய்யும் நிலையில் இருப்பது. விண்டோஸ் விசையையும் பி யையும் சேர்த்து அழுத்தி ‘எக்ஸ்டென்ட்’ நிலைக்கு மாற்றினால் அது சரியாகிவிடும். மற்றது மென்பொருளின் கையில் இல்லை. எச்டிஎம்ஐ வயர் குட்டையாக இருப்பதால் மடிக்கணினி மண்டபத்தின் நடுவில் புரொஜெக்டரின் அருகில் இருக்கிறது, பேச்சாளரோ மேடையில் நிற்கிறார். அவருடைய குறிப்புகள் என் கண்ணுக்குத்தான் தெரிகின்றன. அவர் சபைக்கு முதுகைக் காட்டித் திரையை வாசிக்கத் தொடங்குவது அதனால்தான். மண்டபத்தை ஒழுங்கு செய்கிறவர்கள் மேடை வரை நீளும் ஒரு வயருக்குச் செலவழித்தால், எத்தனையோ பேச்சுகள் தேறும். அதுவரைக்கும் அச்சிடும் பகுதியில் ‘நோட்ஸ் பேஜஸ்’ என்பதைத் தெரிவு செய்தால், ஒரு தாளில் மேலே ஸ்லைடும் கீழே குறிப்பும் வரும். அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு மேடை ஏறலாம்.

வரைபடங்களைப் பற்றிச் சுருக்கமாக. எக்ஸெல் அட்டவணையை ஒட்டுவதை விட வரைபடம் நல்லது, ஆனால் பவர்பொயின்ட் முதலில் தரும் வரைபடத்தை அப்படியே விட்டுவிடக் கூடாது. மறுபடி டெங்குவையே எடுத்துக்கொள்வோம். ஆண்டுவாரியாக நோயாளர் எண்ணிக்கையைக் காட்டும் தூண்களில், நாடு முழுவதும் 186,000 க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்ட 2017 ஆம் ஆண்டின் தூணை மட்டும் ஆழ்ந்த நிறத்தில் வைத்து, மற்றவற்றைச் சாம்பலாக்கி, எண்ணை அந்தத் தூணின் தலையிலேயே எழுதி, பின்னாலுள்ள கட்டக்கோடுகளையும் கீழேயுள்ள நிறவிளக்கத்தையும் அழித்துவிட்டால், கடைசி வரிசைக்கும் ஒரு நொடியில் விளங்கும். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைத்து வேறுபாடு காட்டுவது ஆகாது; ஆண்களில் கணிசமானோருக்கு அந்த இரண்டும் பிரிந்து தெரிவதில்லை. பின்னணிக்கும் எழுத்துக்கும் இடையிலான மாறுபாடு போதாத இடங்களை ரிவியூ பகுதியிலுள்ள அணுகல் பரிசோதனை சுட்டிக்காட்டும். பகல் வெளிச்சம் உள்ளே வரும் நம் மண்டபங்களில் மென்னிறங்கள் எல்லாம் வெளுத்துத்தான் தெரியும் என்பதால், வெள்ளையில் கறுப்பே நம்பகமானது.

அசைவூட்டங்களில் மோர்ஃப் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். முழு இலங்கைப் படத்தில் இருந்து மேல் மாகாணத்துக்கும், அங்கிருந்து கொழும்பு மாவட்டத்துக்கும் படம் வழுக்கிச் சென்று பெரிதாகும்போது, பார்ப்பவருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது தொலைந்துபோவதில்லை. மற்றவை, குறிப்பாகச் சுழன்று வரும் எழுத்துகளும் ஒலியோடு விழும் வரிகளும், பாடசாலைப் போட்டிகளோடு நிற்கட்டும். பக்கத்தில் தானாக வந்து யோசனை சொல்லும் டிசைனர் படமுள்ள ஸ்லைடுகளுக்குச் சில வேளை நன்றாகவே உதவுகிறது. ஒத்திகை பார்க்கும்போது வேகத்தையும், இடையிடையே வரும் தேவையற்ற ஒலிகளையும், ஸ்லைடை அப்படியே வாசிப்பதையும் சுட்டிக்காட்டும் ஸ்பீக்கர் கோச், ஆங்கிலத்தில் பேசப்போகிற மாணவருக்கு மிகப் பயனுள்ளது. தமிழில் பேசப்போகிறவருக்கு வீட்டில் உள்ளவர்களே கோச்.

மாற்றுகளும் இருக்கின்றன. கூகுள் ஸ்லைட்ஸ் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே கோப்பில் வேலை செய்வதற்குச் சிறந்தது. சபையினர் தங்கள் கைப்பேசியில் இருந்து கேள்வி அனுப்பும் வசதியும் அதில் உண்டு. ஆனால் மண்டபத்து இணையத்தை நம்பி மேடை ஏறத் துணிவு வேண்டும். கன்வாவின் வார்ப்புருக்கள் கண்ணைப் பறிப்பவை. அவற்றில் பெரும்பாலானவை குறுகிய ஆங்கிலச் சொற்களுக்காக அளந்து செய்யப்பட்டவை என்பதால், ‘நல்லிணக்கத்துக்கான’ என்று எழுதியவுடன் வடிவம் உடைந்துவிடுகிறது. லிப்ரே ஒஃபிஸ் இம்ப்ரெஸ் முழுவதும் இலவசம், யூனிகோட் தமிழை ஒழுங்காகக் கையாள்கிறது. பவர்பொயின்ட் கோப்பை அதில் திறந்து மறுபடி சேமிக்கும்போது அமைப்பு சற்று நகரலாம்.

பணத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: மைக்ரோசொஃப்ட் கணக்கு ஒன்று இருந்தால் இணைய உலாவியில் இயங்கும் பவர்பொயின்டை இலவசமாகவே பயன்படுத்தலாம், ஸ்லைடுகளை எழுதவும், படங்களை வைக்கவும், ஒத்திகை பார்க்கவும் அது போதும். எல்லா ஸ்லைடுகளுக்கும் பொதுவான அமைப்பைத் தாங்கும் ஸ்லைட் மாஸ்டரில் எழுத்துருவையும் அளவையும் நிலைப்படுத்துவது, எழுத்துருவை உட்பொதிப்பது, மொழிவாரியான காட்சிகளைப் பிரித்து வைப்பது ஆகியவற்றைக் கணினியில் நிறுவிய பதிப்பில் செய்து முடிப்பதே பாதுகாப்பு. ஆகவே சங்கங்களும் பாடசாலைப் பெற்றோர் அமைப்புகளும் ஆளுக்கொரு சந்தா வாங்கத் தேவையில்லை. அலுவலகக் கணினியில் ஒன்றை வைத்துக்கொண்டு, தமிழுக்கென்று செய்த வார்ப்புருவைப் பேச்சாளர்களுக்கு முன்கூட்டியே அனுப்பி, கூட்டத்துக்கு முதல்நாள் மாலைக்குள் எல்லாருடைய கோப்புகளையும் அந்தக் கணினியில் வாங்கித் திறந்து, ஒன்றரை மீற்றர் பின்னால் நின்று ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.